சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

சித்தப்பா புது லோடு வண்டி எடுத்த அன்று மாலையும் பூவும் நாலு எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தவன் நான்தான். 2021, ஆவணி மாதம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூக்கடையில் வாங்கினேன். ஊர் அம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஆளுக்கொரு பழம் வைத்தோம். வண்டி அதை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தபோது சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வாங்கிய நாளிலிருந்து ஓயாமல் மக்கர் பண்ணும் புது வண்டிக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பெயரே எலுமிச்சைதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. 1982இல் கனெக்டிகட் மாநிலம் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. புது வண்டியை இத்தனை தடவை பழுது பார்த்தும் சரியாகவில்லை என்றால் கம்பெனி வேறு வண்டி கொடுக்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது சாரம். பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. அந்த வகைச் சட்டங்களுக்கு எலுமிச்சைச் சட்டம் என்றே பெயர். நம்மிடம் எலுமிச்சம்பழம் இருக்கிறது. சட்டத்தைத்தான் பல இடங்களில் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பொறுக்கியதன் கதை இது.

வண்டி எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று சொல்லப்போவதில்லை. சித்தப்பாவே வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையில் பதினோரு ஜாப் கார்டுகள் இருந்தன. பதினாலு மாதத்தில் சேர்ந்தவை. நான் வரலாறு படித்தவன். காகிதக் கட்டைக் கண்டால் தேதி வாரியாக அடுக்காமல் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அடுக்கினேன். ஒவ்வொன்றையும் எடுத்து, அன்றைக்கு சர்வீஸ் சென்டரில் என்ன சொன்னீங்க என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"ஏரிக்கரை ஏத்தத்துல வண்டி இழுக்கலடா. ஆளு நடக்கற வேகத்துக்கு வந்துடுது. டேஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட்டு எரியுது. அதான் சொன்னேன்."

கார்டில் ஆங்கிலத்தில் 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தது. அடுத்த கார்டிலும் அதுவே. மூன்றாவதில் 'வாட்டர் வாஷ்' கூடுதலாக இருந்தது. ஐந்தாவதில் ஆயில் மாற்றிய கணக்கு. ஏழாவதில்தான் முதன்முறையாக 'லோ பிக்கப்' என்று இரண்டு சொல். அதற்கு நேரே 'ஸ்கேன் செய்யப்பட்டது, கோளாறு இல்லை'. பதினோரு கார்டிலும் கீழே சித்தப்பாவின் கையெழுத்து இருந்தது. 'மேற்கண்ட வேலைகள் எனக்குத் திருப்தி' என்ற அச்சடித்த வரிக்கு நேர்கீழே.

கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. என்ன நடந்தது என்பது வேறு, கல்லில் என்ன ஏறியது என்பது வேறு. கல்லில் ஏறாததை ஆயிரம் வருஷம் கழித்து யாரும் நிரூபிக்க முடியாது. ஜாப் கார்டில் ஏறாததைப் பதினாலு மாதத்திலேயே நிரூபிக்க முடியவில்லை.

*

கோளாறு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஆறு மாதம் ஆனது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் வண்டிகளெல்லாம் பி.எஸ்.6 விதிக்குள் வந்தாக வேண்டும். நாலாம் படியிலிருந்து ஐந்தைத் தொடாமல் நேராக ஆறுக்குத் தாவினார்கள். டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டெல்லிக் காற்றைப் பார்த்தவர்கள் யாரும் இதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த அளவைத் தொட, பல டீசல் பிக்கப்களின் சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி வந்து சேர்ந்தது. மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். தேன்கூடு மாதிரிப் பீங்கான் பொருள். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும், அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். ஹைவேயில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் அந்தச் சூடு கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் கரி அடைத்துக்கொள்ளும். மஞ்சள் லைட் எரியும். அப்புறமும் கண்டுகொள்ளாவிட்டால், என்ஜினைக் காப்பாற்றுவதற்காக வண்டியின் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும்.

இப்போது சித்தப்பாவின் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு ஊரில் கத்தரிக்காய், வெண்டைக்காய் மூட்டை ஏற்றி உத்திரமேரூருக்கு ஆறு கிலோமீட்டர். இறக்கிவிட்டு ஒரு டீ. பிறகு திருப்புலிவனம் பக்கம் ஒரு நடை, வைக்கோல் இல்லை நெல் மூட்டை. மத்தியானம் யார் வீட்டுக்காவது செங்கல். முகூர்த்த நாளென்றால் சேர், பந்தல் சாமான். எல்லாமே ஐந்து, ஆறு கிலோமீட்டர். நின்று நின்று, செகண்ட் கியரில், குண்டும் குழியும். அந்தத் தேன்கூடு சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை கோயம்பேடு போனால் உண்டு.

சர்வீஸ் சென்டர் எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர். லைட் எரிகிறதே என்று பயந்து, அன்றைய வாடகையை விட்டுவிட்டு, காலி வண்டியை அங்கே ஓட்டிப்போவார். அந்த முப்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் வடிகட்டி சூடாகிக் கரி எரிந்துவிடும். போய்ச் சேரும்போது லைட் அணைந்திருக்கும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு, ஐயா" என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளையைப் போல.

ஆக ஸ்கேனர் சொன்னது பொய்யில்லை. சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை.

*

இதற்கு முன் அவரிடம் இருந்தது ஒரு பழைய குட்டி யானை. செகண்ட் ஹாண்டில் வாங்கி ஒன்பது வருஷம் ஓட்டினார். டாடா ஏஸ் 2005 மே மாதம் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் லோடு. வடக்கே சோட்டா ஹாத்தி, இங்கே குட்டி யானை. அதற்கு முன் கிராமத்துச் சரக்கெல்லாம் மாட்டு வண்டியிலும் மீன்பாடி வண்டியிலும் டெம்போவிலும் போய்க்கொண்டிருந்தது. டெம்போ என்பதே ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். அதனோடு சேர்ந்து 1958இல் தொடங்கியதுதான் பஜாஜ் டெம்போ. பெயர் மட்டும் ஊரோடு தங்கி, எந்தச் சின்ன லாரியைக் கண்டாலும் டெம்போ என்று சொல்கிற அளவுக்குப் பொதுச்சொல் ஆகிவிட்டது.

சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய சொந்தம் உண்டு. வண்டலூரை ஒட்டி ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அன்றைக்கு வண்டலூரும் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரித்தார்கள். 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து மறுபடி ஒரு செங்கல்பட்டு பிறந்தது. அங்கிருந்து ஹெரால்டு, கஸல் கார்களோடு ஸ்டாண்டர்ட் 20 என்ற ஒரு டன் வேனும் வெளிவந்தது. இங்கிலாந்தில் அட்லஸ் என்ற பெயரில் ஓடிய வேனின் வழித்தோன்றல். அங்கே வழக்கொழிந்த பிறகும் இங்கே ஆம்புலன்ஸாகவும் பிக்கப்பாகவும் ஓடிக்கொண்டிருந்தது. 1985இல் இதே கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசு காரை விட்டது. வெளியே பிரிட்டிஷ் ரோவரின் உடல், உள்ளே பழைய வேன்கார்டு காலத்து என்ஜின். விலை அதிகம், எண்ணெய் குடிக்கிறது என்ற பேச்சு வேறு. மூன்றே வருஷத்தில் உற்பத்தி நின்றது. கம்பெனி மூடினால் வண்டியா நிற்கிறது? அது ஓடும், உதிரிப்பாகத்துக்குத்தான் சொந்தக்காரர் அலைய வேண்டும்.

அதே சமயத்தில் நாடு முழுக்க இன்னொரு கூத்து. எண்பதுகளின் நடுவில் நாலு ஜப்பான் கூட்டணிகள் சின்ன லாரி செய்ய வந்தன. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. பெரிய எதிர்பார்ப்பு. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாஸா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி டாலரை இறக்குவதென்று முடிவெடுத்தார்கள். யென் மதிப்பு ஏறியது. ஜப்பானிலிருந்து வர வேண்டிய பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. நியூயார்க்கில் எடுத்த முடிவு இங்கே கிளட்ச் பிளேட் விலையில் வந்து நின்றது. டெல்கோ 1986இல் உள்நாட்டிலேயே செய்த 407ஐ இறக்கியது. பாகம் எந்த டவுனிலும் கிடைத்தது, எந்த மெக்கானிக்கும் கழற்றினான். அது நின்றது. ஆல்வின் நிஸான் பிறகு மஹிந்திராவுக்குள் கரைந்தது, டி.சி.எம். டொயோட்டா தேவூவின் பக்கம் போனது. ஸ்வராஜும் ஐஷரும் வேறு வேறு கைகளுக்குப் போயும் பிழைத்தன.

407 வந்த அதே 1986 டிசம்பரில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

*

அதற்கு முன் வண்டி வாங்கியவன் யாரிடம் போய் முறையிடுவது? சிவில் கோர்ட்டில் 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை வைத்து வழக்குப் போடலாம். இங்கிலாந்தின் 1893ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதன் 16ஆம் பிரிவு, வாங்குபவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற பழைய லத்தீன் விதியிலிருந்து தொடங்குகிறது. பிறகு விலக்கு கொடுக்கிறது. எனக்கு இந்த வேலைக்கு இந்தப் பொருள் வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும். நல்லது. அடுத்த வரியில் விலக்குக்கு ஒரு விலக்கு. பொருளை அதன் வர்த்தகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். வண்டியைப் பெயர் சொல்லாமல் எவன் வாங்குவான்? "ஐயா, ஆறு கிலோமீட்டருக்குக் கத்தரிக்காய் ஏற்ற ஒரு வண்டி கொடுங்கள், பெயர் எதுவானாலும் சரி" என்றா போய் நிற்க முடியும்?

அந்தக் காலத்தில் முறையிடுவது இருக்கட்டும், வண்டி கிடைப்பதே பெரிய விஷயம். லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். டெல்கோ தன் டீலர்களை எல்லை கட்டி வைத்திருந்தது. ஒரு டீலர் தன் பகுதிக்கு வெளியே விற்கக் கூடாது. இது வியாபாரக் கட்டுப்பாடு என்று விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல் நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. தட்டுப்பாட்டுக் காலத்தில் நாடு முழுக்கச் சமமாக வண்டி போய்ச் சேரவும், விற்ற இடத்தில் சர்வீஸ் கிடைக்கவும் இந்த எல்லை உதவுகிறது என்பது காரணம். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் லாரிக்காரர் பக்கமிருந்து பாருங்கள். அவருக்கு ஒரே டீலர். விற்றதும் அவர், ரிப்பேர் பார்ப்பதும் அவர், குறை இருக்கிறதா இல்லையா என்று சொல்வதும் அவரே.

1986 சட்டம் இதை மாற்ற வந்தது. கோர்ட் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, மாவட்டத்துக்கு ஒரு மன்றம். ஆனால் வாசலிலேயே ஒரு கேள்வி காத்திருந்தது. 'நுகர்வோர்' யார்? மறுபடி விற்பதற்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்றது சட்டம். வீட்டுக்கு மிக்ஸி வாங்கியவர் உள்ளே. சரக்கு ஏற்றிப் பிழைக்க வண்டி வாங்கியவர்?

*

காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். தெரிந்தவர் மூலமாகத்தான். பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வண்டியில் என்ன கோளாறு என்றும் கேட்கவில்லை.

"வண்டிய யாரு ஓட்டறது?"

"நான்தாங்க," என்றார் சித்தப்பா.

"எப்பவுமே நீங்கதானா? ஆள் வெச்சு ஓட்டினது உண்டா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்த வருஷம் பங்குனியில் அவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று மாதம் எங்கள் சித்தியின் தம்பி ஓட்டினான். சும்மா ஓட்டுவானா, அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. மாதச் சம்பளம் கொடுத்தோம்.

"அதத்தான் அவங்க பக்கத்து வக்கீல் புடிப்பார்," என்றார் இவர்.

ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1993இல் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால், அது வணிக நோக்கமாகாது. அந்த விளக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 1995இல் பொருள் சொன்னது. வழக்கு வண்டியைப் பற்றியதல்ல. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் வாங்கிய ஒரு எந்திரத்தைப் பற்றியது. அந்த நிறுவனம் தோற்றது. அவ்வளவு பெரிய எந்திரத்தைச் சுயதொழில் கணக்கில் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் போகிற போக்கில் உதாரணங்கள் சொன்னது. டைப்ரைட்டர் வாங்கிக் கூலிக்குத் தானே அடித்துக் கொடுப்பவர் நுகர்வோர். டாக்ஸி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். லாரி வாங்கிப் பொதுச் சரக்குக்குத் தானே ஓட்டுபவரும் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. வாங்கிய வண்டியை முழுக்க முழுக்க இன்னொருவர் ஓட்டினால் மட்டும் அவர் நுகர்வோர் இல்லை.

ரொம்ப மனிதத்தன்மையான தீர்ப்பு என்றே இப்போதும் நினைக்கிறேன். நாட்டில் லட்சக்கணக்கான ஆட்டோக்காரர்களும் லோடு வண்டிக்காரர்களும் நுகர்வோர் மன்றத்துக்குள் கால் வைக்க அந்த உதாரணங்கள்தான் வழி. 2019இல் வந்த புதுச் சட்டத்திலும் அதே விளக்கம் தொடர்கிறது. ஆனால் கண்ணில் புரை விழுந்தவன் மூன்று மாதம் படுத்திருந்தால் அவன் எந்தப் பக்கம்? வக்கீல், "வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம்" என்றார். சித்தப்பாவுக்குக் கேட்டது 'லாம்' மட்டும்தான்.

நியாயமாகச் சொன்னால் புதுச் சட்டத்தில் நல்லது நிறைய. முன்பு எதிர்தரப்பு இருக்கிற ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க வேண்டும். இப்போது நாம் குடியிருக்கும் ஊரை ஒட்டிய மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். எட்டு லட்சம் போலக் கொடுத்து வாங்கிய வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பொருள் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சரியாகச் சொல்லாமல் விற்றாலும் தயாரித்தவர் பொறுப்பு. அதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். சின்னச் சின்ன ஓட்டத்துக்கு இந்த வண்டி சரிப்படாது என்று எங்களிடம் யார் சொன்னார்கள்? பிறகு 'தீங்கு' என்ற சொல்லுக்கான விளக்கத்தைப் படித்தேன். அந்தப் பொருளுக்கே வரும் சேதம் தீங்கில் சேராது. வணிக இழப்பும் பொருளாதார இழப்பும் சேராது. வண்டி வெடித்துக் கை போயிருந்தால் எங்களுக்கு அந்த அத்தியாயம் உதவியிருக்கும்.

திரும்பப் பெறும் விதியும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், 2021 ஏப்ரல் முதல் நடைமுறை. அதற்கு முன் 2012இலிருந்து கம்பெனிகள் தாமாக முன்வந்து திரும்ப அழைக்கும் ஏற்பாடு மட்டுமே இருந்தது. இப்போது குறிப்பிட்ட அளவுக்கு மேல் உரிமையாளர்கள் புகார் கொடுத்தால் அரசே உத்தரவிடலாம், ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. ஆனால் குறை என்பது சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, சாலையில் போகிறவருக்கோ ஆபத்தானதாக இருக்க வேண்டும். ஏரிக்கரை ஏற்றத்தில் கத்தரிக்காயோடு ஊர்ந்து போகும் வண்டியால் யாருக்கு ஆபத்து? சுற்றுச்சூழலைக் கேட்டால் அது எங்கள் வண்டியைப் பாராட்டவே செய்யும்.

*

உத்திரமேரூர்க்காரன் எவன் எழுதினாலும் குடவோலையைத் தொடாமல் போக மாட்டான் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். தொட்டுவிட்டே போகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்பு, குடத்தில் ஓலை, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது, இதெல்லாம் எல்லாரும் பேசுவது. பேச்சாளர்கள் சொல்லாமல் விடுவது, நிற்பதற்கே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை. எங்கள் சித்தப்பா ஓலை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. சித்தியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் அந்தக் கல்வெட்டில் என்னை இப்போது இழுப்பது தேர்தல் இல்லை, வாரியங்களின் பட்டியல். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற வரிசையில் பொன் வாரியம் என்று ஒன்று வருகிறது. பொன்னின் மாற்றைப் பார்ப்பவர்கள். விற்பவனும் சொல்லக் கூடாது, வாங்குபவனும் சொல்லக் கூடாது. ஊர் நியமித்த ஆள் சொல்ல வேண்டும். அப்படி நியமிக்கப்பட்டவன் கணக்குக் காட்டாமல் போனால் அவனும் அவன் உறவுக்காரர்களும் அடுத்த முறை நிற்க முடியாது.

நுகர்வோர் சட்டத்திலும் அந்த வேலைக்கு ஓர் இடம் இருக்கிறது. குறையைச் சோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாதென்றால், பொருளை முத்திரை வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உளுந்தையும் எண்ணெயையும் அப்படி அனுப்பலாம். ஒன்றரை டன் வண்டியை? நிபுணர் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் வருகிற நாளில் லைட் எரிய வேண்டும். உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு கார் வழக்கில் சொன்னதைப் பிறகு பலரும் காட்டுவார்கள். வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தைச் சரி செய்ய அல்லது மாற்றித் தரத்தான். அந்த ஒப்பந்தத்தை வைத்து முழு வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது. சரி, எங்கள் வண்டியில் எந்தப் பாகம்? ஒவ்வொரு பாகமும் நன்றாகத்தான் இருந்தது.

*

உத்திரமேரூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், பெயர் வேண்டாம். பழைய குட்டி யானையை ஒன்பது வருஷம் ஓட வைத்தவர். அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"ணா, அந்தக் கூட்ட உருவிடலாம். கம்ப்யூட்டர்ல அது இல்லாத மாதிரி செட்டிங் மாத்த ஆள் இருக்கான். ஒரு நாள் வேலை. அப்புறம் ஏரிக்கரை என்ன, மலையே ஏறும்."

உருவுவது சட்டப்படி தப்பு. பதிவுச் சான்றிதழில் சொன்னதை மாற்றுவது ஒரு குற்றம், புகை விஷயம் தனி. வாரண்டியும் அன்றோடு போகும். நான் இதையெல்லாம் அடுக்கினேன். சித்தப்பா குறுக்கே கேட்டார்.

"உருவிட்டா கேஸ் இன்னாவாகும்?"

"சாட்சி போயிடும்."

"அப்ப வண்டி கெட்டுப்போயே இருக்கணும்னு சொல்றே. நான் சம்பாரிச்சேன்னா சாட்சி இல்ல. சாட்சி இருந்தா சம்பாத்தியம் இல்ல."

ஐப்பசி மழையில் வண்டி இரண்டு மாதம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் தார்ப்பாய் மூடி நின்றது. நோயைக் கலைக்காமல் வைத்திருந்தோம். மாதா மாதம் ஐந்தாம் தேதி டியூ மட்டும் தவறாமல் வந்தது. சித்தி தோட்டை வைத்து இரண்டு டியூ கட்டினாள். அந்த வீட்டில் நான் அப்போது சட்டப் பிரிவுகளின் எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தி ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் போட்டாள். அதன் பிறகு நான் பிரிவு எண் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக ஒருமுறை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அதுதான் பதினோராவது கார்டு. கவுண்டரில் இருந்த பையன் பாவம், என்னைவிட இரண்டு வயது சின்னவன். வழக்கம்போல் 'ஜெனரல் செக்கப்' என்று தட்டினான். சித்தப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் சொல்றத எழுது, தம்பி. அப்புறம் கையெழுத்து."

"சிஸ்டத்துல தமிழ் வராதுங்க ஐயா."

"கையால எழுது."

பத்து நிமிஷம் ஆனது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவன் யாரையோ உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கார்டின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினான்: 'ஏரிக்கரை ஏத்தத்தில் வண்டி இழுக்கவில்லை. மஞ்சள் லைட்.' பதினோரு கார்டில் அந்த ஒன்றில்தான் நடந்தது இருக்கிறது. கீழே அச்சடித்த திருப்தி வரியைச் சித்தப்பா ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புகார் கொடுக்கவில்லை. தை மாதம் வண்டியை விற்றுவிட்டார்.

வாங்க வந்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓட்டும் ஒரு பையன். புரோக்கர் முன்கூட்டியே சித்தப்பாவின் காதில், "லைட்டு விஷயத்தப் பேசாத, அவன் கேக்கல இல்ல" என்றார். 1930ஆம் வருஷத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் புரோக்கர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதைத்தான் சொன்னார். சித்தப்பா உள்ளே போய்ப் பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து பையன் கையில் கொடுத்தார். ஏத்தம், லைட், முப்பது கிலோமீட்டர், எல்லாம் சொன்னார். பேசியிருந்த விலையில் நாற்பதாயிரம் குறைந்தது. புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டே போனார். கார்டுகளை நான் முன்பே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நாலு மாதம் கழித்து, பெயர் மாற்ற ஏதோ ஒரு கையெழுத்துக்காக அந்தப் பையன் போன் செய்தான். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார். வண்டி எப்படிப்பா ஓடுது என்று கேட்டார்.

"சூப்பரா ஓடுதுண்ணா. டெய்லி ஒசூர் போயிட்டு வரேன், பெங்களூர் ஹைவேதான். நீங்க சொன்னீங்களே மஞ்ச லைட்டு, இதுவரைக்கும் ஒரு தடவ கூட எரியல."

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியா, சரிப்பா, பாத்து ஓட்டு" என்றுவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைக்குப் போனார்.